கீபோர்டு பேசி முடிக்கட்டும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மூத்தவர், அவருடைய தம்பியான சின்னவர், சின்னவரின் மகள், மூத்தவரின் மாப்பிள்ளை, பல் மருத்துவத்துக்கான நாற்காலி செய்து விற்கும் நாற்காலிக்காரர், அவருடைய அக்காவான பல் டாக்டர். வேறு யாரும் இல்லை. கீழே பூட்டுக் கடை வைத்திருப்பவர் கதவு வரைக்கும் வந்தார், அதுவும் எல்லாம் முடிகிற நேரத்தில். அவரை அறையில் இருந்தவராகச் சேர்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்கள்தான் இன்றுவரை அதிகம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் தொழில் லைப்ரரி எழுதுவது. புத்தகம் அடுக்கிய லைப்ரரி அல்ல. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்களே எழுதுவதில்லை. வேறு யாராவது நன்றாக எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள் பொருத்திக்கொள்வார்கள். அப்படி எழுதி வைத்த தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். மூத்தவரின் லைப்ரரிக்கு ஒரே வேலை. கீபோர்டில் விரல் பட்டால், மவுஸ் நகர்ந்தால், தொடுதிரையைத் தொட்டால், பெடலை மிதித்தால், அதை ஒரு சேதியாக்கிப் புரோகிராமிடம் சேர்க்கும்.

சேதி சொல்லும் முறையை வகுத்தவரும் மூத்தவர்தான். வருகிறவர் முதலில் தான் யார் என்று சொல்ல வேண்டும்: ‘நான் கீபோர்டு.’ பிறகு வந்த விஷயம்: ‘இன்ன எழுத்தை அழுத்தினார்கள்’, அல்லது ‘விட்டார்கள்’. கடைசியில், அது நடந்த நேரம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. நல்ல வீட்டுக்கு வருகிற விருந்தாளி அப்படித்தான் பேசுவார் என்பது மூத்தவரின் கருத்து. இந்த லைப்ரரி இத்தனை காலத்தில் ஒரு சேதியைக்கூடத் தொலைத்ததில்லை. அதற்காக ஒரு சங்கத்தார் கேடயம் கொடுத்திருந்தார்கள். அடியில் கனமான உலோகப் பீடம் வைத்த கேடயம். அறைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற இடத்தில் அதற்கென்று தனியாக ஓர் அலமாரி இருந்தது.

சேதியில் குறை இல்லை. சச்சரவு வந்தது வரிசையில்.

மூத்தவரும் சின்னவரும் வளர்ந்த வீட்டில், பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை சிறியவர்கள் வாய் திறந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை எழுதிய லைப்ரரி வேறு எப்படி இருக்கும்? அதில் கருவிகளுக்கும் மூப்பு உண்டு. கீபோர்டு தலைச்சன். அடுத்தது மவுஸ். அதற்கு அடுத்தது தொடுதிரை. பெடல் சமீபத்தில் வந்து சேர்ந்த கடைக்குட்டி. மூத்த கருவியிடம் சேதி இருக்கும்வரை இளைய கருவி காத்திருக்க வேண்டும். ஒரு விசை அழுந்தியிருக்கிறது என்றால் கீபோர்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும்வரை மற்றவை கைகட்டி நிற்கும். ஷிப்ட் விசைக்கு மட்டும் விலக்கு. அது தானாக எதுவும் பேசுவதில்லை, பக்கத்தில் இருப்பவரின் குரலைத் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான் என்று மூத்தவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அலுவலகங்களில் இதனால் யாருக்கும் ஒரு குறையும் நேர்ந்ததில்லை. தட்டச்சு செய்கிறவர்கள் தட்டி முடித்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவார்கள். அவசரக்காரர்கள் ஒருசிலர் குறைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்குப் பொறுமை பற்றி மூத்தவர் பதில் எழுதினார்.

ஆனால் சின்னவரின் மகள் பெடலுக்காக வாதாடினாள். அவள்தான் பெடலை லைப்ரரிக்குள் கொண்டுவந்தவள்.

“பெரியப்பா, பெடல மிதிச்சது முதல்ல, கீபோர்ட தட்டினது அப்புறம்னா, பெடல் சேதிதானே முதல்ல போகணும்?”

“நடக்கிறது எப்ப வேணா நடக்கும்மா. சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

“யாராவது கீபோர்டுல கைய வச்சுட்டு எடுக்காமலே இருந்தா? பெடல் பாவம், நாள் பூரா நிக்கணுமே.”

“நிக்கட்டுமே. உங்கப்பன் நிக்கலையா? நான் பேசி முடிக்கிற வரைக்கும் நிப்பான். அதுல அவன் என்ன தேஞ்சா போயிட்டான்?”

சின்னவர் எதிர் மேசையில் உட்கார்ந்து ஏதோ தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்தார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து உட்காரும்படி அந்த இரண்டு மேசைகளும் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. தலை நரைக்கிற வயதிலும் ஒரே அறையில், ஒரே வேலையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்காரும் அண்ணன் தம்பி எத்தனை பேர்? மூத்தவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். மற்றவையெல்லாம் தகுதி.

அந்த மேசைகளுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வேறு லைப்ரரிகளுக்கு மாறிவிட்டன. நாற்காலிக்காரர் எடுத்துக்கொண்டால் குடும்பம் ஒரு கூரையின்கீழ் இருக்கும். அவரும் கைவிரித்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். சின்னவர் எங்கேயோ, மகள் எங்கேயோ, யார் யாருக்கோ கீழே வேலைக்குப் போக வேண்டும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூத்தவர் மட்டும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாற்காலிக்காரரின் புதிய நாற்காலியில் எல்லாம் இருந்தது. நோயாளியின் பெயரையும் குறிப்பையும் அடிக்கக் கீபோர்டு, மவுஸ், விளக்குக்கும் தண்ணீருக்கும் தொடுதிரை, ஏற்றி இறக்கக் காலடியில் பெடல். பெடலின் இடது பக்கத்தை மிதித்தால் நாற்காலி ஏறும், வலது பக்கத்தை மிதித்தால் இறங்கும், காலை எடுத்தால் நிற்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே லைப்ரரி வேண்டும். நேரில் ஓட்டிக் காட்டினால் அன்றைக்கே முடிவு சொல்வதாக நாற்காலிக்காரர் ஒப்புக்கொண்டார்.

நாற்காலி வந்து சேர்ந்த விதமே ஒரு பாடு. மாடிப்படி குறுகல். கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டு, பூட்டுக் கடைக்காரர் கீழிருந்து “இடது பக்கம், இடது பக்கம்” என்று வலது பக்கம் கையைக் காட்ட, ஒருவழியாக மேலே கொண்டுவந்தார்கள். அறையின் நடுவில் அதற்கு இடம் விட இரண்டு மேசைகளையும் பிரித்து ஆளுக்கொரு சுவரோரம் தள்ள வேண்டியதாயிற்று. அண்ணனும் தம்பியும் அன்று காலை ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். மூத்தவருக்கு அது பிடிக்கவே இல்லை.

விருந்தினர்கள் வந்ததும் மாப்பிள்ளை முன்னால் ஓடினார். வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர் பொறுப்பு. மழை பெய்தால்கூட அதைத் தான் ஏற்பாடு செய்ததுபோலப் பேசக்கூடியவர்.

“வாங்க சார், வாங்க. உங்க நாற்காலியிலயே உங்கள உக்கார வச்சுப் பாக்கிற பாக்கியம் எங்களுக்கு.”

நாற்காலிக்காரர் பருத்த, கலகலப்பான மனிதர். ஏறி உட்கார்ந்து கால் நீட்டினார்.

“டேய், செருப்பக் கழட்டு,” என்றார் அவருடைய அக்கா. “நோயாளி மாதிரி இரு. காலாட்டாத.”

டாக்டரம்மா ஒல்லியாக, கறுகறுவென்ற தலைமுடியோடு, துறுதுறுவென்று இருந்தார். நாற்காலிக்காரரைவிட ஓரிரண்டு வயதுதான் கூட இருக்கும், எப்படியும் தன்னைவிடச் சிறியவர்தான் என்று மூத்தவர் எண்ணிக்கொண்டார். அந்த எண்ணத்தோடுதான் அவருக்கு ஒரு சிறிய தலையசைப்போடு வணக்கம் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பிறகு மூத்தவர் நாற்காலியின் அருகே போய் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்தாலே சுவர்கள் நிமிரும் என்று குடும்பத்தில் சொல்வார்கள். எதையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல் பேச்சைத் தொடங்கினார்.

“முதல்ல எங்க குடும்பத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்.”

சின்னவர் பெருமூச்சு விட்டார். அந்த இரண்டு வார்த்தையின் நீளம் அவருக்குத் தெரியும்.

“நீங்க பாட்டுக்குப் பேசுங்க சார்,” என்று டாக்டரம்மா பெடலின் இடது பக்கத்தில் கால் வைத்தார்.

‘நான் பெடல். இடது பக்கத்தை அழுத்தினார்கள்.’ கீபோர்டு அப்போது சும்மா இருந்தது. சேதி மளமளவென்று போய்ச் சேர்ந்தது. நாற்காலி வெண்ணெய்போல மேலே ஏறியது. நாற்காலிக்காரரின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை கைதட்டினார்.

இதுதான் நேரம் என்று மூத்தவருக்குத் தோன்றியது. அலமாரியிலிருந்து கேடயத்தை இரண்டு கைகளாலும் எடுத்து வந்து, வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேராக வைக்க இடம் தேடினார். நாற்காலியின் பக்கத்தில் திரையும் கீபோர்டும் வைத்த தட்டு ஒன்றுதான் இருந்தது. அதில் வைத்தார். தட்டில் இடம் போதாது. கேடயத்தின் பீடத்து ஓரம் கீபோர்டில் ஏறி நின்றது. திரைக்கு முதுகைக் காட்டி, வாடிக்கையாளரை நோக்கித் திரும்பி, பேச்சை விட்ட இடத்தில் பிடித்தார்.

அந்த ஓரம் சரியாக ங என்ற எழுத்தின்மேல் நின்றது.

டாக்டரம்மா காலை எடுத்தார். நாற்காலி நிற்கவில்லை.

பெடல் தன் கடமையைச் செய்யாமல் இல்லை. ‘விட்டார்கள்’ என்ற சேதியோடு ஓடி வந்தது. வந்து பார்த்தால் தலைச்சன் பேசிக்கொண்டிருக்கிறது. நல்ல வீட்டுப் பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு நின்றது.

“...அப்படிப்பட்ட வீட்டுல வளந்தவங்க நாங்க,” என்றார் மூத்தவர். நாற்காலிக்காரர் மெல்ல உயர்ந்துகொண்டிருந்தார். மூத்தவர் அதைப் பார்த்தார்; தவறாக நினைக்கவில்லை. வாடிக்கையாளர் உயர்ந்த இடத்தில் இருந்து கேட்பது பேச்சுக்கு ஒரு மதிப்புத்தானே என்று தோன்றியது. தன் குரலையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

“அக்கா, போதும், நிறுத்து,” என்றார் நாற்காலிக்காரர்.

“நான் எப்பவோ கால எடுத்துட்டேன்டா.”

“அப்ப யாரு ஏத்தறா?”

டாக்டரம்மா வலது பக்கத்தை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தார். இடது, வலது, மறுபடி வலது. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய்த் தொடுதிரையில் கண்ணில் பட்ட படங்களையெல்லாம் தொட்டார்: விளக்கு, தண்ணீர், மறுபடி விளக்கு, முதுகுப் பலகை, தண்ணீர், தண்ணீர். மவுஸையும் ஒரு கையால் ஆட்டினார். எதற்கும் பதில் இல்லை. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஙஙஙஙஙஙங என்று எழுத்துகள் மட்டும் ரயில்பெட்டி போல நீண்டுகொண்டே போயின. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். ஏதோ வாடிக்கையாளரின் குடும்பப் பெயர் என்று விட்டுவிட்டார்.

“இது ஒரு வசதி சார்,” என்று அவர் மேலே பார்த்துச் சொன்னார். “நோயாளிக்கு மேலேருந்து ஒரு காட்சி கிடைக்கும். மனசு லேசாகும்.”

“என் மூக்குக்கு நேரா ஒட்டடை இருக்கு! இதான் காட்சியா?”

அறையின் கூரை தாழ்வு. கை நீட்டினால் எட்டும். நாற்காலி அதன் உச்சிக்குப் போய் நின்றபோது நாற்காலிக்காரரின் நெற்றிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சிலந்தி மட்டும் சௌகரியமாக இருந்தது.

சின்னவர் சுவரோரம் ப்ளக்கை நோக்கி நகர்ந்தார்.

“அதப் புடுங்காதீங்க!” என்றார் டாக்டரம்மா. “கரன்ட் போனா மேலயே நின்னுடும். அப்புறம் இவன ஏணி வச்சுத்தான் எறக்கணும்.”

இத்தனைக்கும் நடுவில் மூத்தவர் பேச்சை நிறுத்தவில்லை. அவர் நடுவில் நிறுத்தியதே இல்லை. தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடுவது பந்தியில் பாதியில் எழுவதைப் போன்றது என்பார். ஏதோ சலசலப்பு என்பது காதில் விழுந்தது. இன்னும் ஒரே ஒரு தலைமுறையைச் சொல்லி முடித்துவிட்டால் அதை விசாரிக்கலாம் என்று வேகத்தை மட்டும் சற்றுக் கூட்டினார்.

சின்னவரின் மகளுக்கு என்ன நடந்தது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. திரையைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள், முடிந்தது. ஆனால் பெரியப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அவர் முடித்தாலும் அடுத்தது அப்பாவின் முறை. பிறகு மாப்பிள்ளை. அவள் கையை உயர்த்தினாள். சற்று நேரத்தில் அந்தக் கை வலிக்க, மற்றதை உயர்த்தினாள். அப்பாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சின்னவர் அண்ணனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். சின்னவர் மகளைப் பார்த்து, ‘கொஞ்சம் பொறு’ என்று கை காட்டினார்.

“ஏங்க, நீங்க எல்லாம் மனுஷங்கதானா?” என்ற குரல் கூரையிலிருந்து வந்தது. “என்னத் திரிசங்கு மாதிரி தொங்க விட்டுட்டு, கீழ குடும்பக் கதை நடக்குது!”

டாக்டரம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு மூத்தவரின் முகத்தை, அதுவும் வாயை, கூர்ந்து பார்த்தார். பிறகு நேராக அவர் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, கொஞ்சம் வாய மூடுங்க.”

மூத்தவரை அப்படிச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை.

“தம்பியா?” என்றார் மூத்தவர். வாக்கியம் பாதியில் நின்றது. “அம்மா, என் வயசு என்னன்னு நெனச்சுப் பேசறீங்க?”

“அறுபத்தொண்ணு, மிஞ்சிப்போனா அறுபத்திரெண்டு. இவ்வளவு நேரமா வாயப் பொளந்து பேசறீங்களே, எல்லாப் பல்லையும் எண்ணிட்டேன். பல்லு பொய் சொல்லாது. எனக்கு அறுபத்தேழு. தலையில இருக்கிறது சாயம். இப்ப யாரு பெரியவங்க?”

மூத்தவரின் வயது அறுபத்தொன்று.

அந்த ஒரு கணத்தில் அவருக்குள் நடந்தது சாதாரணமானதல்ல. வாய் திறந்தபடியே இருந்தது. ஆனால் தன் வீட்டு முறையைத் தானே மீறுகிறவர் அல்ல அவர். பெரியவர் பேசும்போது சிறியவர் பேசக் கூடாது. வாயை மூடினார். இரண்டு கைகளும் அவருக்குத் தெரியாமலே முன்னால் கட்டிக்கொண்டன. சின்னவர் அண்ணனை அந்தக் கோலத்தில் சிறுவயதுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்.

“மேல இடது கடைவாயில ஒரு சொத்தை இருக்கு, அத அப்புறம் பாக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. “அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா கையத் தூக்கிட்டு நிக்குது! என்னம்மா சொல்லணும் உனக்கு?”

மகள் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா, பேசு என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார்.

“கேடயம் பெரியப்பா. கீபோர்டு மேல நிக்குது.”

மூத்தவர் திரும்பினார். திரையைப் பார்த்தார். ஙஙஙஙங. அந்த எழுத்துகளின் வரிசை திரையின் விளிம்பு வரை போய், மடிந்து, அடுத்த வரியிலும் நிறைந்துகொண்டிருந்தது. குடும்பத்தின் பெருமை அத்தனை கனமாக ஒரு விசையின்மேல் நின்றுகொண்டிருந்தது.

அதை எடுக்க வேண்டியவர் அவர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தட்டின்மேல் குனிந்து, கேடயத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். அவர் குனிந்திருந்த அந்த நொடியில்தான் பூட்டுக் கடைக்காரர், மேலே ஏதோ கூச்சல் கேட்கிறதே என்று, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கீபோர்டு, ‘விட்டார்கள்’ என்று சொல்லி முடித்தது.

அவ்வளவுதான். காத்திருந்தவர்கள் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். முதலில் மவுஸ், திரையில் அம்பு பைத்தியம் பிடித்ததுபோல ஓடியது. பிறகு தொடுதிரை, மாப்பிள்ளை தொட்டது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது, முதுகுப் பலகை சட்டென்று நிமிர்ந்து நாற்காலிக்காரரைச் சிலந்தியிடம் முறையாக அறிமுகம் செய்து வைத்தது, வாய் கொப்பளிக்கும் குழாய் கூரையை நோக்கிப் பீய்ச்சி அடித்து மழையாக அவர்மேலேயே திரும்பி விழுந்தது. தண்ணீர், மறுபடி தண்ணீர். கடைசியாகக் கடைக்குட்டி. டாக்டரம்மாவின் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குலுக்கல். கீழே, கீழே, மேலே, கீழே, கீழே. நாற்காலிக்காரர், “அக்கா! அக்கா!” என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு முறை அழைத்தார்.

எல்லாச் சேதியும் தீர்ந்தது. டாக்டரம்மா போய் வலது பக்கத்தை நிதானமாக மிதித்துப் பிடித்தார். நாற்காலி, எதுவுமே நடக்காததுபோல, வெண்ணெயாய் இறங்கியது.

“அக்கா,” என்றார் நாற்காலிக்காரர், கண்ணைத் திறக்காமல். “நான் எறங்கிட்டேனா?”

“எறங்கிட்ட. எந்திரி.”

“கொஞ்சம் பொறு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கான்னு பாத்துக்கறேன்.”

தண்ணீர் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூத்தவர் கேடயத்தை அணைத்தபடி நின்றார். சுவரோரம் பிரிந்து கிடந்த இரண்டு மேசைகள் அவர் கண்ணில் பட்டன. இனி அவை ஒட்டவே போவதில்லை என்று நினைத்தபோது, கேடயம் திடீரென்று மிகவும் கனத்தது.

“மூத்தது மோழை, இளையது காளைன்னு சும்மாவா சொன்னாங்க,” என்று நாற்காலிக்காரர் முகத்தை வழித்தபடி முணுமுணுத்தார்.

“நீ வாய மூடுடா,” என்றார் அவருடைய அக்கா. பிறகு மூத்தவரைப் பார்த்தார். “ஒண்ணு சொல்றேன் தம்பி. எங்க பழைய நாற்காலியில பத்து தடவ மிதிச்சா ஏழு தடவதான் அதுக்குக் கேக்கும். உங்களோடது நான் மிதிச்சது ஒண்ணக்கூட விடல. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. ஆனா என்ன, கேக்க வேண்டிய நேரத்துல கேக்கல. எது முதல்ல நடந்ததோ அது முதல்ல போற மாதிரி மாத்துங்க, எடுத்துக்கறோம். முடியாதுன்னா இப்பவே நாற்காலியக் கீழ எறக்கிடறோம்.”

“மறுபடியும் எறக்கணுமா?” என்றார் கதவருகே நின்ற பூட்டுக் கடைக்காரர்.

எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். சரி என்று சொன்னால் மேசைகள் மிஞ்சும், முறை போய்விடும். முடியாது என்று சொன்னால் முறை மிஞ்சும். அதைக் கடைப்பிடிக்க எதிரே தம்பி இருக்க மாட்டான். அவர் முதுகு வளையவில்லை. ஆனால் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“நீ என்னம்மா சொல்ற?” என்று தம்பி மகளைக் கேட்டார்.

சின்னவர் தலை நிமிர்ந்தார். தனக்கு முன்னால் மகளிடம் கேட்கப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மகள் யோசித்துத்தான் பேசினாள். அவளும் அதே வீட்டுப் பெண்தானே.

“ஒவ்வொரு சேதிக்கும் கடைசியில நேரம் போடணும்னு வச்சது நீங்கதான் பெரியப்பா. அது என்ன நேரம்? அந்த சேதி பொறந்த நேரம். டாக்டரம்மா கால எடுத்த சேதி ஒரு நேரத்துல பொறந்துச்சு. அப்புறம் பொறந்த ங எல்லாம் அதுக்கு எளையது. எளையதெல்லாம் வரிசையா முன்னாடி போயிடுச்சு, மூத்தது கைகட்டி நின்னுச்சு. அது மொறையா?”

மூத்தவர் மெல்ல, கேடயத்தைக் கீழே, தரையில், எந்த விசையும் இல்லாத இடத்தில் வைத்தார்.

“எளையது முன்னாடி போச்சா?” என்றார்.

“போச்சு பெரியப்பா.”

“நம்ம லைப்ரரியிலயா?”

“நம்ம லைப்ரரியிலதான்.”

“இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?” என்று கோபமாகத் தம்பியை நோக்கித் திரும்பினார். சின்னவர் வாயைத் திறந்தார். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார். “கருவிக்கு என்ன வயசுன்னு பாத்து என்ன புண்ணியம்? சேதிக்கு என்ன வயசுன்னுல்ல பாக்கணும்! நம்ம விதி மாறாது. மூத்தது முதல்லதான். எது மூத்ததுன்னு கணக்குப் பாத்ததுல ஒரு சின்னத் திருத்தம். அவ்வளவுதான்.”

அறையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் இருமல் வந்தது, சற்று நீண்ட இருமல்.

“ரெண்டு சேதி ஒரே நேரத்துல பொறந்தா பெரியப்பா?”

“ரெட்டைப் பிள்ளையா?” மூத்தவர் ஆழ்ந்து யோசித்தார். “அப்ப மட்டும் கீபோர்டு முதல்ல. அத விட்டுக்குடுக்க முடியாது.”

“குடுக்க வேண்டாம்,” என்றார் டாக்டரம்மா. “எடுத்துக்கறோம்.”

“எதுவா இருந்தாலும் சரிங்க,” என்றார் நாற்காலிக்காரர். “எனக்கு மொதல்ல ஒரு துண்டு குடுங்க.”

வரிசையை மாற்றி எழுதியவள் சின்னவரின் மகள். திருத்திய லைப்ரரியை ஓட்டிக் காட்டிய நாளில், நோயாளியின் இடத்தில் தானே உட்காருவேன் என்று மூத்தவர் பிடிவாதமாக நின்றார். நாற்காலி ஏறியது, நின்றது, இறங்கியது, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. வேண்டுமென்றே கீபோர்டில் ஒரு பேப்பர் வெயிட்டை வைத்தும் பார்த்தார்கள். பெடல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. வந்ததோடு வந்ததாக டாக்டரம்மா அந்தச் சொத்தைப் பல்லையும் அடைத்துவிட்டார். வாய் நிறையப் பஞ்சோடு கிடந்ததால் மூத்தவரால் லைப்ரரியைப் பற்றி விளக்க முடியவில்லை. அவருடைய தம்பி மகள்தான் விளக்கினாள். நடுநடுவே அவர், “ங... ங...” என்று தலையை ஆட்டி ஆமோதித்தார். நாற்காலிக்காரருக்கு அந்த எழுத்து இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. அவர் சற்று விலகி, கதவருகே நின்றுகொண்டார்.

இரண்டு மேசைகளும் மறுபடி ஒட்டிப் போடப்பட்டிருக்கின்றன. மகளின் மேசையையும் பக்கவாட்டில் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். கேடயம் அலமாரியில் இருக்கிறது.

மூத்தவரின் தொப்பை கீபோர்டில் அழுந்தியதால்தான் வாடிக்கையாளர் கூரைக்குப் போனார் என்று பூட்டுக் கடைக்காரர் கிளப்பிவிட்ட பேச்சொன்று, மாப்பிள்ளையின் வீட்டார் வழியாக இன்றும் உலவுகிறது. அது தவறு. மூத்தவருக்குத் தொப்பை கிடையாது. கீபோர்டின்மேல் இருந்தது கேடயம்.